ரீவாஸிலிருந்து வந்த அத்தை

நவம்பர் 12, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. காலையிலிருந்து தகரக் கூரைமேல் யாரோ பயறு கொட்டுகிற மாதிரி சத்தம். பீன்ஸை வேகவைத்து இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மகள் யாமிலெத் வேலையிலிருந்து நனைந்துகொண்டே வந்தாள். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டை வந்துவிட்டது. கோஸ்தா ரீக்காவில் நிரந்தரமாக வசிக்கலாம். ஹெர்லிந்தா பொத்தோஸ்மே, பிறந்த நாடு நிகராகுவா.

பேத்தி கெய்லிங் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மாச்சி, போட்டோக்காரனை அடிக்கப் போற மாதிரி நிக்கிறே" என்றாள். அவள் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. அவள் போய்க்கொண்டே இருக்கிறாள். அதனால் அவள் என்னைக் கேலி செய்யலாம். மற்றவர்கள் செய்ய முடியாது.

இத்தனை வருஷம் கையில் இருந்தது அடைக்கலம் கேட்டவர்களுக்குக் கொடுக்கிற தாள். அதை வைத்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கால் வைத்தால் அடைக்கலம் போய்விடும். பயந்து வந்தேன் என்றாயே, பயத்தைக் காணோமே என்பார்கள். இந்த அட்டைக்கு அந்தக் கட்டு இல்லை. வக்கீலம்மா மரியாதைக்குத் தோன்யா போட்டுச் சொன்னாள், "இனிமே நீங்க போகலாம், வரலாம், தோன்யா. ஆனா அங்க உள்ள விடுவாங்களான்னு நான் எப்படிச் சொல்ல?"

என் ஊருக்குள் என்னை விட அவர்கள் யார் என்று கேட்டேன். வக்கீலம்மா யாமிலெத்தைப் பார்த்தாள்.

நவம்பர் 14, வியாழன்

போகிறேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்காக இல்லை. வீடு மண்ணும் ஓடும்தான். மாதாவுக்காக. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து எனக்கும் வந்த அமலோற்பவ மாதா, முழங்கை உயரம், மரத்தில் செய்தது. மாதாவின் தலையில் இருப்பது என் அம்மாவின் முடி. கல்யாணத்துக்கு முந்தின நாள் அறுத்துக் கொடுத்தாளாம். அம்மா போன பிறகு அவளுடையதாகத் தொட்டுப் பார்க்க மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அந்த மாதா யார் வீட்டில் இருக்கிறாளோ, அவர்கள் டிசம்பர் ஏழாம் தேதி அந்தி சாய்ந்ததும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். தெருவில் வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே வந்து பீடத்துக்கு முன்னால் பாடுவார்கள். "இத்தனை ஆனந்தம் யாராலே?" என்று ஒரு குரல் கத்தும். "அமலோற்பவ மாதாவாலே!" என்று வீடே திருப்பிக் கத்தும். பிறகு வந்த கைக்கெல்லாம் பண்டம். கரும்பு, எலுமிச்சை, வறுத்த சோளமாவில் வெல்லமும் இஞ்சியும் போட்ட வில்லை. என் வில்லைக்காக அடுத்த ஊரிலிருந்து வருவார்கள். முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. கையைப் பார்த்துக் கொடுப்பது. கொடுத்துக்கொண்டே இருந்தவள் நான். எந்த வாசலிலும் பையை நீட்டி நின்றதில்லை. இங்கே வந்த புதிதில் கோயிலில் அரிசிப் பை கொடுத்தபோதுகூட யாமிலெத்தைத்தான் அனுப்பினேன்.

நாங்கள் ஓடிவந்த வருஷம் அரசாங்கத்தை எதிர்த்த பையன்கள் எங்கள் தெருவை மறித்துக் கல்லை அடுக்கிவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பசித்த பிள்ளைகள். சோறும் பீன்ஸும் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். மறிப்பை உடைக்க வந்த முகமூடிக்காரர்கள் முகத்தைத் திறந்துகொண்டு வந்து கேட்டிருந்தால் அவர்களுக்கும் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. ஒரு விடியற்காலையில் எங்கள் சுவரில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. ஈயம். எங்கள் பக்கம் அதற்குக் குண்டு என்று அர்த்தம். கெய்லிங் அதை வாய்விட்டுப் படித்தாள். அன்றைக்கே கொல்லைவழியாகக் கிளம்பினோம். பிள்ளையைப் பிடித்த கையில் மாதாவுக்கு இடமில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

யாமிலெத்திடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"ஒரு மரப் பொம்மைக்காகவா?"

"பொம்மைன்னு சொல்லாதே. உன் பாட்டியோட முடி அது."

"முடிக்காகத் தலையைக் குடுப்பியா?"

"என் தலை. நான் குடுப்பேன்."

"உள்ள விட்டுட்டுத் திரும்பி அனுப்பலைன்னா? நான் எந்தக் கதவைப் போய்த் தட்டுவேன்? சொல்லும்மா. எந்தக் கதவை?"

கையில் நுரையோடு அழுதாள். கெய்லிங் நடுவில் வந்து, "அப்ப நானும் அம்மாச்சிகூடப் போறேன்" என்றாள். "நீ படி!" என்று நானும் அவள் அம்மாவும் ஒரே மூச்சில் கத்தினோம். அதில் யாமிலெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் பாத்திரத்தை இடித்து இடித்துத்தான் அடுக்கினாள்.

நவம்பர் 20, புதன்

கனவு. எங்கள் மசாயா ஏரியின்மேல் நடந்து போகிறேன். தண்ணீர் ரொட்டி மாவுபோல மெத்தென்று இருக்கிறது. அம்மா கரையில் மொட்டைத் தலையோடு நின்று, "சீக்கிரம் வா, வெயில் சுடுது" என்கிறாள். கால் நனையவேயில்லை. விழித்த பிறகு பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

நவம்பர் 25, திங்கள்

சொக்கோரோவுக்குப் போன் செய்தேன். யாமிலெத்துக்கு ஞானத்தாய் அவள். ஆகவே எனக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேல். கூடப் பிறந்தவளை நாமா தேர்ந்தெடுக்கிறோம்? அவள் வீட்டுக் கொல்லைவழியாகத்தான் அன்றைக்கு ஓடிவந்தோம்.

அந்தப் பக்கத்தில் போனில் யாரும் எதையும் பேர் சொல்லிப் பேசுவதில்லை. காற்றுக்குக் காது உண்டு. அதனால் என் வீட்டுக்கு நாங்கள் 'முழங்கால்' என்று பேர் வைத்திருக்கிறோம். இத்தனை வருஷமும் "முழங்கால் எப்படி?" என்றால், "தேவல, தைலம் போட்டேன்" என்பாள். கூட்டிப் பெருக்கினேன் என்று அர்த்தம். இன்றைக்கும் கேட்டேன்.

"என்னடி, முழங்கால் எப்படி?"

"அது வந்து... கொமாத்ரே... முழங்காலுக்குள்ள ஆள் குடிவந்துட்டாங்க."

"என்னது?"

"நாலஞ்சு மாசம் ஆச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தைலம் போட்டேன் தைலம் போட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். புருஷன், பொஞ்சாதி, ரெண்டு பிள்ளைங்க. புருஷன் சீருடைக்காரன்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கெய்லிங் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் வேறு மாதிரி இருந்தது.

"என் மாதா?" என்று வாய் தவறி நேராகவே கேட்டுவிட்டேன். "இருக்கா" என்றாள் சொக்கோரோ. போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 28, வியாழன்

மாதாவுக்கு ஒன்பது நாள் பாடுகிற நவநாள் தொடங்கிவிட்டது. யாமிலெத் ஒன்றும் சொல்லாமல் என் பச்சைச் சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

சொக்கோரோ வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்துவிட்டேன்.

எல்லையில் பனியா புழுதியா தெரியவில்லை, எல்லாம் வெளுத்துக் கிடந்தது. லாரிகள் யானைமாதிரி தூங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் யாமிலெத்தைவிடச் சின்னவன். என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அந்த நேரத்துக்குள் நான் செத்து, அடக்கம் ஆகி, யாமிலெத் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தான்.

"எதுக்கு வர்றீங்க?"

"மாதாவுக்குப் பாட."

"எப்பத் திரும்புவீங்க?"

"பாடி முடிச்சதும்."

முத்திரையைக் குத்திவிட்டு எனக்குப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டான். அவ்வளவுதான். தடுத்து நிறுத்துகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லைபோலிருக்கிறது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

பிறகு பஸ் ரீவாஸ் ஊர் வரைக்கும் பெரிய ஏரியின் கரையோடு போனது. காற்றாலைகள் வெள்ளைக் கையைச் சுற்றிச் சுற்றி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தன. தண்ணீருக்கு நடுவில் இரண்டு எரிமலைகளும் மேகத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. நான் போனதே அவற்றுக்குத் தெரியாததுபோல இருந்தது. பஸ்ஸுக்குள் ஏறி வந்து தின்பண்டம் விற்கிற பெண்ணின் குரல். அந்த இழுப்பு. 'சூ...டா இருக்கு தாயே' என்கிற அந்த 'தாயே'. இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. வாங்கினேன். சாப்பிடவில்லை. மடியிலேயே வைத்திருந்தேன், ஆறிப்போகும்வரை.

டிசம்பர் 4, புதன்

சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு சொக்கோரோவோடு தெருவில் நடந்தேன். தெரு சுருங்கியிருக்கிறது. துவைத்த கம்பளிமாதிரி. அதே எரிமலைப் புகை, அதே தீக்குச்சி வாசனை. நாய்கள் வேறு நாய்கள். வீட்டுக்கு நீலம் அடித்திருக்கிறார்கள். அந்தச் சொல் எழுதியிருந்த இடத்தில் நீலத்துக்கு அடியில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல சாயம்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பெண்கள் நவநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில். என் மாதாவுக்கு!

"நிக்காதே, நட" என்று சொக்கோரோ இடித்தாள். அவள் ஊஞ்சல்வலை பின்னுகிறவள். விரல் இரும்பு. விலா இன்னும் வலிக்கிறது.

"எவடி அவ?"

"மார்லிங்னு பேரு. வடக்கேயிருந்து வந்தவ. ஆள் மோசமில்ல."

"என் வீட்ல குந்திக்கிட்டு ஆள் மோசமில்லையா?"

"ஆளில்லாத வீடுன்னு அவ புருஷனுக்குக் குடுத்தாங்க. அவ என்ன செய்வா, வேணாம், கூரையில்லாமத் தூங்கறேன்னு சொல்லுவாளா? நீ சொல்லுவியா?"

நான் சொல்லுவேன். நான் சொல்லியிருப்பேன். இல்லையா?

டிசம்பர் 5, வியாழன்

போய்க் கேட்டுவிடட்டுமா என்றேன். சொக்கோரோ தறிமாதிரி தலையை ஆட்டினாள். "போய் என்னன்னு சொல்லுவே? சுவர்ல எழுத்து வாங்கின ஹெர்லிந்தா நான்தான்னா? சாயங்காலம் அவ புருஷன் சோறு தின்னும்போது அவ சொல்லுவா. இல்ல, அவ சொல்லாட்டியும் எதிர்வீட்டு ஜன்னல் சொல்லும். அப்புறம் நீ திரும்பிப் போகமாட்டே. ஏழாம் தேதி எந்த வீட்டுக்குள்ளயும் எவளும் போகலாம். நீ யாருன்னு கேக்கக் கூடாது, அது மாதாவோட நாள். புருஷனுக்கும் அன்னிக்குக் கோயில்ல காவல். கூட்டத்தோட போ. பாடு. உன் மாதாவைக் கண்ணாரப் பாரு. தோதுப்பட்டா அவகிட்டத் தனியா ரெண்டு வார்த்தை பேசு."

பிறகு ஒரு துணிப் பையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இது எதுக்கு?"

"பையில்லாம வந்தா ஊரே உன்னைத்தான் பாக்கும்."

பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் வாய் திறந்திருந்தது.

டிசம்பர் 6, வெள்ளி

என் வீட்டில் அந்த வில்லை கிண்டுகிற வாசனை கொல்லைச் சுவரைத் தாண்டி வருகிறது. இஞ்சி போதவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு, விடிந்ததும்

கை இன்னும் பிசுபிசுப்பாக இருக்கிறது. கழுவ மனசில்லை.

நேற்று ஆறு மணிக்குக் கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. அந்த நொடியே ஊர் முழுக்க வெடி. நான் சொக்கோரோவின் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருஷத்துச் சத்தமும் இந்தச் சத்தமும் ஒன்றேதான். காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காது என்ன செய்யும். சொக்கோரோ என் கையைப் பிடித்து, "சந்தோஷ வெடி, கொமாத்ரே, இது சந்தோஷ வெடி" என்று சொல்லிக்கொண்டே தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வெடிப்புகையில் தெருவே மிதந்தது. வாசலுக்கு வாசல் மெழுகுவர்த்தி. மத்ரோன்யோப் பூவின் தேன் வாசனை. கூட்டம் கூட்டமாகக் குழந்தைகள். நடக்கிறேனா, யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா தெரியவில்லை. நீல வீடு வந்தது. என் வாசற்படி. இடது ஓரம் தேய்ந்த படி. கால் தானாக வலது பக்கம் மிதித்தது.

உள்ளே போனேன்.

இருந்தாள். சுவர் நிறையப் பூவும் பனையோலையுமாக நீல வானம் கட்டி, அதற்கு நடுவில் இருந்தாள். என் அம்மாவின் முடியை யாரோ எண்ணெய் தடவி நேர்வகிடு எடுத்து வாரியிருந்தார்கள். நான் ஒரு நாளும் அவ்வளவு அழகாக வாரியதில்லை. அம்மா அறையின் அந்தக் கோடியிலிருந்து வருவதுபோல இருந்தது. சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு. அப்படித்தான் இருந்தது. பொய்யில்லை. கூட்டம் பாடியது, நானும் பாடினேன். எனக்குக் குரல் வந்ததா தெரியாது. "இத்தனை ஆனந்தம் யாராலே?" என்று ஒருவர் கத்தினார். "அமலோற்பவ மாதாவாலே!" என்று என் பழைய கூரை அதிர்ந்தது.

அப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் கை செய்தது.

பாட்டு முடிந்ததும் பண்டம் கொடுக்கிற நேரம். தட்டுகள் எப்போதும் நான் வைக்கிற அதே மூலையில் மேசைமேல் இருந்தன. வேறெங்கே வைப்பார்கள், அந்த வீட்டில் அங்கேதான் மேசை நிற்கும். எல்லாரும் கதவுப் பக்கம் போனார்கள். நான் மேசைக்குப் பின்னால் போனேன். பையைக் கீழே போட்டேன். சால்வையை இடுப்பில் கட்டினேன். "பிள்ளைங்க முன்னால வாங்க! தள்ளாதே! கரும்பு எடுத்தவங்க அந்தப் பக்கம் போ, வழி விடு, வழி விடு!" என்று கத்தினேன். நீட்டின கைக்கெல்லாம் கரும்பு, எலுமிச்சை, வில்லை, கரும்பு, எலுமிச்சை, வில்லை. தலையில் சால்வை இல்லை. தெருக்காரர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் அவர்கள் கையைப் பார்க்கிறேன்.

தட்டு காலி. "அடுத்த தட்டு எங்கே?" என்று திரும்பினால், தட்டோடு ஒரு இளம்பெண் நிற்கிறாள். மார்லிங். கண் கொட்டாமல் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் யார், எங்கே நிற்கிறேன், என்ன செய்துவிட்டேன். சொக்கோரோ கூட்டத்துக்கு நடுவில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வரிசையில் எனக்குத் தெரியாத ஒரு ஆள் கழுத்தை நீட்டி, "இந்தம்மா யாரு, புதுசா இருக்கே?" என்றான்.

மார்லிங் தட்டை என் முன்னால் வைத்தாள். "என் அத்தை" என்றாள். "ரீவாஸ்லேருந்து வந்திருக்காங்க."

பிறகு கடைசி வீட்டுக் கிழவர் தோன் பாந்தலியோன் கையை நீட்டினார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

"ரீவாஸ்ல மழை எப்படி, அத்தை?"

"பரவால்ல" என்றேன்.

"அங்க காத்து ஜாஸ்தியாமே. ஆளையே தூக்கிக்கிட்டுப் போயிடுமாமே?"

"சில நேரம் திருப்பிக் கொண்டாந்தும் போட்டுடும்."

அவருக்குப் பின்னால் இருந்தவளும் எனக்குத் தெரிந்தவள்தான், ரொட்டிக்காரி. "மார்லிங்கோட அத்தை, எனக்கு ரெண்டு!" என்றாள். அதற்குப் பின்னால், "அத்தை, ரீவாஸ் அத்தை, எம்பொண்ணுக்கும் ஒண்ணு!" அப்புறம் வரிசை முழுக்க அத்தை, அத்தை, அத்தை. ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வில்லையை வாங்கும்போது என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. "தள்ளு, பின்னால ஆள் நிக்குது" என்றேன். என்ன சொல்ல வேறே.

எல்லாம் தீர்ந்தது. கூட்டம் போனதும் நானும் கூட்டத்தோடு போனேன். மாதாவை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

டிசம்பர் 8, பகல்

அவள் வந்தாள். பூசை முடிந்து, சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சொக்கோரோவிடம் ஊஞ்சல்வலை விலை கேட்கிற சாக்கில் வந்தாள். பிள்ளை வாசலில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தது. சொக்கோரோ உள்ளே போய்விட்டாள். ஆனால் கதவுக்குப் பின்னால் மூச்சு கேட்டது.

என் துணிப்பையை மார்லிங் கொண்டுவந்திருந்தாள். மேசைக்கடியில் விட்டுவிட்டேன் போல. நிறையப் பண்டம் போட்டிருந்தாள்.

"இது உங்க பங்கு. நீங்க வாங்காமலே போயிட்டீங்க."

நான் கையை நீட்டவில்லை. பையை எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் யாராவது வருவாங்கன்னு தெரியும். அந்த முடியை வாரும்போதெல்லாம் நெனைப்பேன், இது யாரோ ஒருத்தியோட முடி, அவளைச் சேந்தவங்க வருவாங்கன்னு."

"எங்கம்மா முடி."

"சரி" என்றாள். "இவளுக்கு நெஞ்சிழுப்பு" என்று பிள்ளையைக் காட்டினாள். "இங்க வந்த புதுசுல இந்தப் புகை ஒத்துக்காம ஒரு சாயங்காலம் நீலம் பாரிச்சுப் போயிட்டா. வண்டி வரல. அவர் டியூட்டியில. நான் இவளைக் கொண்டுபோய் மாதா காலடியில போட்டுட்டேன். இது உன் பிள்ளை, நான் வளக்கறேன், நீ காப்பாத்துன்னேன். வருஷா வருஷம் கதவைத் திறக்கறேன்னு சொன்னேன்."

"வீடும் எங்களோடது இல்ல, மாதாவும் எங்களோடது இல்ல. தெரியும் தோன்யா. நீங்க கேட்டா நான் குடுத்தாகணும். குடுத்துடுவேன். இன்னிக்கே துணியில சுத்திக் குடுத்துடுவேன், அவர்கிட்ட உடைஞ்சு போச்சுன்னு சொல்லிக்குவேன்." பிள்ளை பக்கம் திரும்பினாள். "அதனால... கேக்காதீங்க."

வாசலில் பிள்ளை கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு எங்களைப் பார்த்தது. மூச்சு விடும்போது லேசாக ஒரு விசில் சத்தம். கெய்லிங்குக்கும் சின்னதில் அப்படித்தான் இருந்தது. அது இருக்கட்டும். இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது, அது போதும்.

எல்லையைத் தாண்டி வந்தது எதற்கு? ஒரு வார்த்தை சொல்ல. வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அம்மாவின் முடி இருநூறு அடி தூரத்தில் இருந்தது. சொல்லேன், ஹெர்லிந்தா. ஒரு வார்த்தை, சொல்லித் தொலையேன்.

"நான் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல" என்றேன். "இனிமேயும் கேக்கப்போறதில்ல. அவளை உன்கிட்டக் குடுத்திருக்கேன். குடுத்ததுன்னா குடுத்ததுதான். நீ எடுத்ததில்ல, நான் குடுத்தது. புரியுதா?"

அவள் அழுதாள். எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது.

"அழாதே. கேளு. வில்லையில இஞ்சி பத்தல. வெல்லம் இளகும்போதே போடணும், இறக்கினப்புறம் போட்டா வாசனைதான் வரும், காரம் வராது. கரும்பைத் தோலோட குடு. கிழவங்களுக்கு மட்டும் சீவிக் குடு. அப்புறம், யார் வந்தாலும் கதவைச் சாத்தக் கூடாது. உன் புருஷனுக்கு ஆகாதவங்க வந்தாலும்."

"சாத்தமாட்டேன்."

"யாருன்னு கேக்கக் கூடாது."

"நேத்து நான் கேக்கலையே, அத்தை" என்றாள்.

அவள் போகும்போது தரையிலிருந்த பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

பஸ். ஏரி முழுக்க வெயில், கண்ணைத் திறக்க முடியவில்லை. ரீவாஸில் நின்றது. இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். காற்று உண்மையிலேயே ஜாஸ்திதான்.

டிசம்பர் 12, வியாழன்

சான் ஹோசே. யாமிலெத் என்னைக் கட்டிப்பிடித்தாள், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், பிறகு என் மூட்டையை விரித்துப் பார்த்தாள். பண்டப் பை மட்டும் இருந்தது.

"மாதா எங்கம்மா?"

"அங்கே வேலையா இருக்கா."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வில்லையை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள். "இது நீ பண்ணினது இல்லையே" என்றாள்.

"இல்ல. ஒருத்தி குடுத்தா."

கெய்லிங் பாதிப் பையை அதற்குள் காலி செய்திருந்தாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

கனவில் யாரும் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 27, திங்கள்

கொத்தனார் வந்திருந்தார். இந்த ஊர்க்காரர், வாய் ஓயாது. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நான் ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை. விட்டுப் போகப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மழை ஒழுகினால் சட்டி வைத்தோம். இப்போது கூரையைப் பார்க்கத்தான் யாமிலெத் அவரை வரச் சொன்னாள்.

அவர் ஏணியில் ஏறப் போகும்போது, "அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இங்கே வாங்க" என்றேன். தெருப் பக்கத்துச் சுவரைக் காட்டினேன். இங்கே உடைக்க வேண்டும். இரட்டைக் கதவு வேண்டும். இங்கிருந்து இதுவரை. கையை விரித்துக் காட்டினேன்.

"இத்தனை அகலமா? சின்ன வீடு தோன்யா இது. உங்க நிகராகுவாவுல இதுல மாட்டை ஓட்டிக்கிட்டு வருவீங்களா?"

"டிசம்பர்ல ஆளுங்க வருவாங்க."

"எத்தனை ஆளு வந்துடப்போறாங்க!"

"நீ உடை" என்றேன்.

யாமிலெத் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு வந்து, நாற்காலியை எடுத்துச் சுவருக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தேன். முதல் செங்கல் விழுந்ததும் தெரு தெரிந்தது.